பின்வாசல் படம்

அண்ணன்: ...படக் கண்காட்சித் திறப்பு விழா நாளைக்குத்தான்னு எனக்கும் தெரியும்மா. இன்னிக்கே ஒரு தடவை முழுசா பார்த்துட்டுப் போயிடறேன். ரிப்பன் வெட்டறவனுக்கு உள்ளே என்ன மாட்டியிருக்குன்னு தெரிய வேணாமா?

ஸ்டூடியோப் பெண்: தாராளமா பாருங்க சார். ஏணி மட்டும் ஜாக்கிரதை. எங்கப்பா எடுத்த படத்துல பாதி இன்னும் பெட்டியிலேயே கிடக்கு.

தங்கை: தலைமையாசிரியர் இல்லையா... பரீட்சைக்கு முன்னாடி கேள்வித்தாளைப் பார்த்தாத்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

அண்ணன்: நீ சும்மா இரு. நாளைக்கு சம்பந்தி வீட்டுல எல்லாரும் வர்றாங்க. பெரிய இடம். இப்பதான் என் பொண்ணுக்குச் சம்பந்தம் பேசி முடிச்சிருக்கு. நம்ம குடும்பத்தைப் பத்தி ஒரு சொல்லு கீழே விழக் கூடாது.

ஸ்டூடியோப் பெண்: பழைய ஊர்ப் படம்தானே சார்? மணிக்கூண்டு, குதிரைத் தொட்டி, இடிஞ்ச தியேட்டரு... இதுல குடும்பம் எங்கேருந்து வருது?

அண்ணன்: குடிக்கிற பார் படமெல்லாம் இருக்குன்னாங்களே...

ஸ்டூடியோப் பெண்: அதுக்கு தனி சுவரே இருக்கு. எங்கப்பா சாயங்காலமானா கேமராவோட அங்கே கிளம்பிடுவாரு. சில நாள் கேமராவை மறுநாள் பார்க்காரங்க கொண்டுவந்து தருவாங்க.

தங்கை: அப்பாவை?

ஸ்டூடியோப் பெண்: அவரையும்தான்.

அண்ணன்: இதுல என்ன சிரிப்பு? இது எந்த இடம்?

தங்கை: கழுகு பார் அண்ணே. வாசல்ல மரக்கழுகு தொங்குது பாருங்க. இப்ப அங்கே கார் நிறுத்தறாங்க.

அண்ணன்: உனக்கு எப்படித் தெரியும்?

தங்கை: நர்ஸுக்குத் தெரியாத பாரா? கழுகுல குடிச்சவனுக்குப் பின்மண்டையில தையல். நங்கூரம் பார்ல குடிச்சவனுக்கு நெத்தியில. காயத்தைப் பார்த்தே கடையைச் சொல்லிடுவோம்.

ஸ்டூடியோப் பெண்: எல்லாப் படத்துக்கும் விவரம் சொன்னதே நர்ஸம்மாதான் சார். போன வாரம் பூரா இங்கேதான் இருந்தாங்க.

அண்ணன்: போன வாரம் பூராவா? என்கிட்ட கண் டாக்டர்னு சொன்னே?

தங்கை: அதுவும் போனேன்... வாங்க, மணிக்கூண்டைப் பாருங்க. எவ்வளவு தெளிவா இருக்கு.

அண்ணன்: பார்த்தேன். நங்கூரம் எங்கே?

தங்கை: அந்தப் பக்கம் வெளிச்சமே இல்லை. கிளம்பலாம் அண்ணே, உங்களுக்கு வேர்க்குது.

ஸ்டூடியோப் பெண்: தண்ணி குடிங்க சார்... என்ன சார், கிளாஸ் அழுக்கா இருக்கா?

அண்ணன்: இல்லைம்மா. ஏன்?

ஸ்டூடியோப் பெண்: வெளிச்சத்துல தூக்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தீங்களே...

அண்ணன்: பழக்கம். வீட்டுல அப்படி வளர்த்தாங்க. எங்கம்மா ராத்திரியெல்லாம் ஆஸ்பத்திரி சலவைப் பகுதியில நின்ன மனுஷி. சுத்தம்னா சுத்தம். ஒருத்தர் முன்னாடி கை நீட்டாம எங்க ரெண்டு பேரையும் ஆளாக்கினாங்க.

தங்கை: ...ஆமா.

அண்ணன்: நீ போய் காருல என் கண்ணாடியை எடுத்துட்டு வா.

தங்கை: மூக்குல இருக்கே!

அண்ணன்: இது தூரத்துக்கு. படிக்கிற கண்ணாடியைக் கேட்டேன்.

தங்கை: இங்கே படிக்க என்ன...

அண்ணன்: எடுத்துட்டு வான்னா வா.

தங்கை: சரி, சரி. ஏணி மேல மட்டும் ஏறிடாதீங்க.

அண்ணன்: ...போயிட்டாளா?

ஸ்டூடியோப் பெண்: போயிட்டாங்க சார். உட்காருங்க.

அண்ணன்: நங்கூரத்தோட பின்வாசலை உங்கப்பா எடுத்திருக்காரா?

ஸ்டூடியோப் பெண்: உங்களுக்கு எப்படி சார் தெரியும்? முன்வாசலைத்தான் எல்லாரும் கேப்பாங்க.

அண்ணன்: எடுத்தது தெரியும். பெரிய லைட்டு பளிச்சுன்னு... அதை விடு. மாட்டியிருக்கியா?

ஸ்டூடியோப் பெண்: இன்னும் இல்லை. சுவர்ல சாய்ச்சு வெச்சிருக்கேன். துணி போட்டு மூடியிருக்கு.

அண்ணன்: மூடினது மூடினபடியே உள்ளே கொண்டு போயிடு. காரணம் கேக்காதே. உன் அப்பா வயசு ஆளு சொல்றேன்.

ஸ்டூடியோப் பெண்: என்ன சார் இது... ரெண்டு பேரும் ஒரே மாதிரி!

அண்ணன்: எந்த ரெண்டு பேரு?

ஸ்டூடியோப் பெண்: நர்ஸம்மாவும் அதைத்தான் கேட்டாங்க. நூறு படம் மாட்டிக்கோ, அது ஒண்ணு மட்டும் வேணாம், அண்ணன் கண்ணுல பட வேணாம்னு... ஐயோ, சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்களே.

அண்ணன்: என் கண்ணுல பட வேணாம்னா?

ஸ்டூடியோப் பெண்: எனக்கு ஒண்ணும் தெரியாது சார்.

அண்ணன்: அந்தத் துணியை எடு.

ஸ்டூடியோப் பெண்: இப்பதானே உள்ளே கொண்டு போகச் சொன்னீங்க?

அண்ணன்: எடும்மா.

ஸ்டூடியோப் பெண்: ...பாருங்க. எங்கப்பா எடுத்ததுலேயே எனக்கு இதான் உசிரு. படத்துல இந்தம்மா நிக்கிற நிலையைப் பாருங்க. பாத்திரம் நிறைய கிளாஸு, ஈரக் கையி, ஒரு கிளாஸை மட்டும் விளக்குப் பக்கம் தூக்கி... சார்?

அண்ணன்: ம்.

ஸ்டூடியோப் பெண்: இப்ப நீங்க தூக்கிப் பிடிச்ச மாதிரியே...

தங்கை: காருல எந்தக் கண்ணாடியும் இல்லை அண்ணே, சீட்டுக்கு அடியில எல்லாம் தேடி... அடிப்பாவி! அதை ஏண்டி திறந்தே?

ஸ்டூடியோப் பெண்: சார்தான் எடுக்கச் சொன்னாரு!

அண்ணன்: கீழே ஒட்டியிருக்கிறதைப் படி.

தங்கை: வேணாம். கிளம்பலாம் அண்ணே.

அண்ணன்: படிம்மா.

ஸ்டூடியோப் பெண்: "நங்கூரம் பார், பின்வாசல். எச்சில் கிளாஸ் கழுவும் பெண். யாரென்று தெரியவில்லை."

அண்ணன்: யாரு எழுதினது?

ஸ்டூடியோப் பெண்: நான்தான் சார். நர்ஸம்மாகிட்ட கேட்டேன். அவங்கதான் யாருன்னு தெரியலைன்னாங்க.

அண்ணன்: நீ அப்படியா சொன்னே? இந்த முகத்தைப் பார்த்து... தெரியலைன்னா சொன்னே?

தங்கை: வேற என்ன அண்ணே சொல்லச் சொல்றீங்க? இத்தனை வருஷமா நீங்க கட்டிக் காப்பாத்தினதை நான் போட்டு உடைக்கவா?

அண்ணன்: எப்போ தெரியும் உனக்கு?

தங்கை: ஆஸ்பத்திரி சலவைப் பகுதின்னு சொல்லிச் சொல்லி வளர்த்தீங்க. அதே ஆஸ்பத்திரியில நான் வேலைக்குச் சேருவேன்னு நீங்க நினைக்கலை. முதல் நாள் பெருமையா சலவைப் பகுதிக்குப் போய் விசாரிச்சேன். அப்படி ஒருத்தர் அங்கே வேலையே பார்க்கலைன்னுட்டாங்க.

அண்ணன்: அன்னிக்கே என்கிட்ட ஏன் கேக்கலை?

தங்கை: நங்கூரத்தை இடிச்சப்ப, மழையில குடையைப் பிடிச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் நின்னீங்களே... அப்ப நான் எதிர்ப் பக்கம் பஸ் ஸ்டாப்புல இருந்தேன். அதுக்கப்புறம் எப்படிக் கேக்கறது?

ஸ்டூடியோப் பெண்: சார், தப்பா எழுதியிருந்தா மன்னிச்சுக்கோங்க. படத்தை உள்ளே வெச்சிடறேன். நாளைக்கு உங்க சம்பந்தி வீட்டுல...

அண்ணன்: உன்கிட்ட பேனா இருக்கா?

ஸ்டூடியோப் பெண்: இருக்கு சார்.

அண்ணன்: "எச்சில்"னு இருக்கே, அதை முதல்ல அடி. அவங்க கை பட்டதுக்கப்புறம் அது எச்சில் இல்லை.

ஸ்டூடியோப் பெண்: அடிச்சிட்டேன். "கிளாஸ் கழுவும் பெண்"ணையும் அடிக்கவா?

அண்ணன்: அது இருக்கட்டும். கழுவினாங்க. பொய்யில்லை.

தங்கை: அண்ணே... நல்லா யோசிச்சுக்கோங்க. பொண்ணு வாழ்க்கை. சம்பந்தி வீட்டுக்காரங்க வாசல்லயே திரும்பிப் போயிட்டா?

அண்ணன்: எனக்கும் அந்தப் பயம் இருக்கு. அதுக்காக இவங்களை இன்னொரு தடவை யாரோன்னு சொல்ல முடியாது. "தெரியவில்லை"யை அடிச்சிட்டியாம்மா?

ஸ்டூடியோப் பெண்: அடிச்சிட்டேன் சார். அந்த இடத்துல என்ன எழுத?

அண்ணன்: "தலைமையாசிரியருக்கும் நர்ஸம்மாவுக்கும் தாய்"னு எழுது. அப்புறம் அந்தக் கதவு ஓரத்துல, இருட்டுல, காலிப் பெட்டி மேல உட்கார்ந்து தூங்கி விழற பையன்... அவங்களை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக தினமும் வந்தவன்... அது நான்தான்னும் எழுது.