மச்சானைப் படுக்க வைத்து அளந்த படகு

“மச்சான், சீட்டுல கொஞ்சம் நீட்டிப் படு. உன் தங்கச்சியும் உன் உயரந்தான்.”

பல்லாவரத்தில் மின்சார ரயிலேறிய இருவரில் இளையவர் இப்படிச் சொன்னதும், எதிர்ச் சீட்டில் இருந்த நான் காலை இழுத்துக்கொண்டேன்.

“படுத்து இன்னா ஆவப்போவுது மாப்ள? ஏலத்துல ரெண்டு அலுமினியப் படகு கீது. ஒல்லியானதை எடு. மோட்டாரைப் போட்டா பறக்கும். அகலமானது ஆமையாட்டம் போவும்.”

“ஐப்பசியில அவளுக்குப் பிரசவம். போன மழையில நம்ம தெருவே மூழ்கி, பக்கத்து வூட்டுப் பொண்ணைக் கதவைக் கழட்டி அதுல படுக்க வச்சுத் தூக்கினு போனோமே, மறந்துட்டியா? இவ படுக்க எடம் இருக்கணும்.”

மச்சான் மரச்சீட்டில் மல்லாந்தார். மாப்பிள்ளை தலையிலிருந்து கால்வரை முழம் போட்டார்.

“ஒல்லிப் படகே போதும் மாப்ள. நீளம் சரியா கீது.”

என் பக்கத்தில் இருந்த அம்மாள் பொறுக்கவில்லை.

“புள்ளத்தாச்சி இப்படியா படுப்பா? ஒருக்களிச்சுப் படுங்க. காலை மடக்குங்க.”

மச்சான் திரும்பிப் படுத்தார். முழங்கால் இரண்டும் சீட்டைத் தாண்டி நீண்டன. பெட்டியே சிரித்தது.

“தொணைக்கு ஒரு பொம்பள உட்கார வேணாமா?” என்றார் அந்த அம்மாள்.

“எங்கம்மா வருவாங்க,” என்றார் மச்சான், படுத்தபடியே.

“அப்போ அகலமானதுதான். ஆனா அது ஆமையாட்டம் போவும்னு நீதானே சொன்ன?”

மச்சான் எழுந்து சட்டையை உதறினார்.

“அதுக்கே கையத் தூக்கு மாப்ள. என் தங்கச்சி உள்ள படுத்துனு இருந்தா, நான் எங்க வேகமா ஓட்டப்போறேன்?”