அவர் அடித்த வரி

"எங்க கல்யாணத்துல எல்லாரும் நடுங்குறாங்க ஸ்டெல்லா."

பெங்களூரில் தொம்மலூர் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இருந்த அக்கா இப்படிச் சொன்னதும் நான் பாடப் புத்தகத்தை மூடினேன். அவர் பக்கத்தில் இருந்த ஸ்டெல்லாவின் மடியில் கம்ப்யூட்டர் கடைப் பை ஒன்று இருந்தது.

"கல்யாண சிடி தேஞ்சுபோச்சாக்கா?"

"சிடி நல்லாருக்கு. கம்ப்யூட்டர்ல போட்டு டிவியில பாக்குறேன். எங்க வீட்டுக்காரர் தவறினப்புறமும் நல்லாத்தான் ஓடுச்சு. போன மாசம் அந்த டிவி கெட்டுப்போச்சு. இப்ப இருக்கறது தங்கச்சி வீட்டு டிவி."

"பழசு அண்ணனோட முதலாளி அமெரிக்காவுல இருந்து கொண்டாந்ததுதானே? அதான். கம்ப்யூட்டர் லினக்ஸ்ல, டிவிக்குப் படம் அனுப்புற கிராபிக்ஸ் டிரைவர அந்த டிவிக்குன்னு செட் பண்ணிருப்பாரு. நம்ம ஊர் டிவி முறை வேற, அதுக்கு அது ஒத்துவராது. செட்டிங்ஸ் ஃபைல்ல ஒரே ஒரு வரி மாத்தணும். இதுக்கா ஒரு மாசம் சும்மா இருந்தீங்க?"

"கொழுந்தனும் அதேதான் சொன்னாரு. நான்தான் கைவைக்க விடல."

"ஏங்க்கா?"

"அந்த வரி, அவர் ஆஸ்பத்திரியில சேர்றதுக்கு முந்தின நாள் உக்காந்து அடிச்சது. அத அழிச்சிட்டு அவர் மூஞ்சியப் பாக்கணுமா?"

கண்டக்டர் கன்னடத்தில் "முந்தே ஹோகி" என்று எல்லோரையும் முன்னால் நகர்த்திக்கொண்டு கடந்து போனதும் ஸ்டெல்லா அக்காவின் பக்கம் குனிந்தாள்.

"அழிக்க வேணாங்க்கா. அந்த வரிக்கு முன்னால ஒரு குறி போட்டுட்டு, கீழ புதுசா எழுதிக்கலாம். அண்ணன் அடிச்சது அங்கயே இருக்கும். மெஷின் மட்டும் அதப் படிக்காது."



"நான் படிக்கலாம்ல?"