புதுப் பஞ்சு

உட்கார்ந்து எழுந்தால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது ஐயா. வாக்குமூலத்தை நாற்காலியில் இருந்தபடியே சொல்கிறேன். பதினாறு வருடம் மூட்டை கட்டிய இடுப்பு.

எங்கள் கான்சோ ஊர் மலைமண்ணிலிருந்து எடுக்கும் லாந்தனம் ஆக்சைடு பார்க்க அரிசி மாவு போல இருக்கும். கேமரா லென்ஸுக்கும் எண்ணெய் சுத்திகரிப்புக்கும் போகிறது. திறந்து வைத்தால் காற்றின் ஈரத்தைக் குடித்து ஊதிப்போகும். தண்ணீர் பட்டால் சூடேறும். அதனால் சூளையிலிருந்து வந்து ஆறியதுமே இரட்டைப் பையில் போட்டு, காற்றுப் புகாமல் சூட்டுக் கருவியால் ஒட்டிவிடுவோம். பறக்கும் தூசியை மூச்சில் இழுக்கக் கூடாது. முகமூடிக்குள் வைக்கும் வடிகட்டிப் பஞ்சைத் தினமும் மாற்ற வேண்டும் என்று சுவரிலேயே எழுதியிருக்கிறது.

மேற்பார்வையாளர் லியாவ் மாற்றவிடவில்லை. கழுவி, சூளைச் சுவரில் காயவைத்துத் திரும்பப் போடச் சொன்னார். கழுவிய பஞ்சு தூசியைத் தடுக்காது. அவருக்கு மட்டும் தினம் ஒன்று, உறை பிரிக்காத புதுசு. அங்கேயே வேலை பார்த்த என் கணவர் தெங்ஃபா ஒருநாள் தனக்கும் கேட்டார்.

"பொடி கெட்டா லென்ஸ்காரன் திருப்பி அனுப்புவான். உன் நுரையீரலை எவன்யா திருப்பி அனுப்பப்போறான்?" என்றார் லியாவ்.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

தெங்ஃபா நாற்பத்து மூன்று வயதில், படுக்க முடியாமல், உட்கார்ந்தபடியே மூச்சுத் திணறி இறந்தார்.

அதன் பிறகு பஞ்சு அலமாரியின் சாவி என்னிடம் வந்தது. கழுவியதை இஸ்திரி போட்டு, புது உறைக்குள் வைத்து, மூட்டை ஒட்டும் கருவியாலேயே ஒட்டி, காலையில் லியாவிடம் கொடுத்தேன். அவர் உறையைக் கிழிக்கும் சத்தம் கேட்க நன்றாக இருந்தது.

அடுத்த வருடம் அவர் மகள் ஷியாங் எங்களோடு மூட்டை கட்ட வந்தாள். இருபது வயது. எள்ளும் தேயிலையும் சேர்த்து இடித்த கஞ்சியை எனக்கென்று தூக்குவாளியில் கொண்டுவருவாள்.

ஒருநாள் காதோடு சொன்னாள்: "லாய் அத்தை, யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. அப்பா தன்னோட புதுப் பஞ்சை எனக்குக் குடுத்துட்டு, கழுவினதைப் போட்டுக்குறாரு. கேட்டா, 'கிழவன் நுரையீரலுக்கு என்னடி கேடு'ங்குறாரு."

"நல்ல அப்பா," என்றேன். கஞ்சியைக் குடித்து முடித்தேன்.

மறுநாளும் இஸ்திரி போட்டேன். அதற்கப்புறம் மூன்று வருடம். இப்போது யோசித்தால், அன்றிலிருந்துதான் மடிப்புத் தெரியாமல் இன்னும் கவனமாகத் தேய்த்தேன்.

இப்போது அவளால் நாலு படி ஏற முடியவில்லை. லியாவ் தானும் இருமிக்கொண்டே அவளை முதுகில் சுமந்து மருத்துவமனைக்குப் போகிறார். பஞ்சைச் சோதிக்கக் கொடுத்து உங்களிடம் வந்தவரும் அவர்தான். அவர் சொன்னது எல்லாம் உண்மை.

திருடி என்று மட்டும் எழுதாதீர்கள் ஐயா. ஒரு புதுப் பஞ்சைக்கூட நான் விற்கவில்லை, போட்டுக்கொள்ளவில்லை. அத்தனையும் என் கட்டிலடித் தகரப் பெட்டியில், ஈரம் படாமல், இரட்டைப் பையில் இருக்கின்றன. ஷியாங்குக்கு நான் கொடுக்க வேண்டிய பாக்கி அது.