பின்சீட்டும் பின் சிலிண்டரும்

— எஞ்சின்ல ஒண்ணுமில்லைன்னு சொல்றேன், நீங்க ஏன் சார் இடிஞ்சுபோய் உக்காந்திருக்கீங்க?

— சாயங்காலம் வண்டியை வாங்க ஆள் வர்றாருண்ணே. வந்ததும் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுவாரு. இந்தக் கிர்ருங்கிற சத்தத்தைக் கேட்டா வந்த வழியே திரும்பிடுவாரு.

— இதையா விக்கப் போறீங்க?

— ஆமாண்ணே. முந்தாநாள் அவரே ஓட்டிப் பாத்தாரு, பட்டு மாதிரி போச்சு. இன்னிக்குக் காலையில சாவியைப் போட்டா இப்படிக் கத்துது. கண்ணு பட்டுடுச்சு.

— நான்தான் அவசரப்பட வேணாம்னு சொன்னேனேங்க.

— நீ உக்காரும்மா முதல்ல. ரெண்டு ஹெல்மெட்டையும் எதுக்குத் தூக்கிட்டே நிக்கிற?

— தரையெல்லாம் ஆயிலா இருக்கு.

— இந்தப் பெஞ்சு மேல வை தங்கச்சி, இப்பதான் தொடச்சேன். சார், இந்த டேங்கைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க. பின்னாடி சிலிண்டரோட பிளக்கைப் பாத்துடறேன்.

— பின்னாடி வேற ஒரு பிளக் இருக்கா?

— எத்தனை வருஷமா ஓட்டுறீங்க?

— கல்யாணமான வருஷம் வாங்கினது. பத்து வருஷம் இருக்கும். ஓட்டத்தான் தெரியும், பிரிச்சுப் பாத்ததில்ல. கை ராசிண்ணே. ஆயில்கூட நான் மாத்தினதில்ல. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லுவேன், என் வண்டி எதுவும் கேக்காது, சாவியைப் போட்டா ஓடும்னு.

— ஆயிலே மாத்தினதில்லையா. எங்க, இதைத் தொட்டுப் பாருங்க.

— தேன் மாதிரி இருக்கு. நல்ல ஆயில் போல.

— எப்பேர்ப்பட்ட ஆயிலும் பத்து வருஷத்துல தார் மாதிரி ஆயிடும் சார். இது மாத்தி ஒரு மாசம்கூட ஆகலை. இந்தாங்க, பிளக்கையும் பாருங்க. முன்னாடி பிளக்கும் பின்னாடி பிளக்கும் ஒரே பிஸ்கட் கலரு, ரெண்டும் சுத்தமா எரியுதுன்னு அர்த்தம். நான் இத்தனை வருஷத்துல இப்படிப் பாத்ததில்ல.

— அதுல என்னண்ணே அதிசயம்?

— இந்த வண்டியில ரெண்டு சிலிண்டரும் விரிச்ச ரெண்டு விரல் மாதிரி ஒண்ணு பின்னால ஒண்ணு நிக்குது. முன்னால நிக்கிறவனுக்கு ஜம்முனு காத்து. பின்னால நிக்கிறவன் அவன் முதுகைப் பாத்துக்கிட்டே வேகணும். டேங்கைத் தூக்கணுமேன்னு சோம்பல்பட்டு பாதிப் பேரு முன்னாடி பிளக்கை மட்டும் மாத்திட்டுப் போயிடுவாங்க. பின்னாடி இருக்கிறதை எவன் நெனைக்கிறான்.

— அது எனக்குத் தெரியும்.

— என்ன தங்கச்சி?

— பின்சீட்ல உக்காந்து போறவளுக்குத் தெரியாதாண்ணே, சூடெல்லாம் எங்க வருதுன்னு.

— அதைச் சொல்லு. ஆனா இந்தப் பின் சிலிண்டரை யாரோ தாய் மாதிரி கவனிச்சிருக்காங்க. பின்சக்கரத்தைச் சுத்துற பெல்ட்டோட இழுவை கச்சிதமா இருக்கு. சக்கரக் கம்பியில ஒரு பொட்டுத் துரு கிடையாது. மட்கார்டுக்கு அடியில, யாரும் குனிஞ்சு பாக்காத இடத்துல, மெழுகு போட்டுத் தேச்சிருக்கு. யார் சார் உங்க மெக்கானிக்? சும்மா சொல்லுங்க, நான் ஒண்ணும் பொறாமைப்பட மாட்டேன். கொஞ்சம்தான் படுவேன்.

— சத்தியமா யாருமில்லைண்ணே.

— அப்ப பேய் வந்து சர்வீஸ் பண்ணிட்டுப் போகுதா? அட்ரஸ் குடுங்க, நம்ம பட்டறைக்கும் கூட்டிட்டு வந்துடறேன். கண்ணை மூடிக்கிட்டு வேலைக்குச் சேத்துக்குவேன்.

— பேசாம சத்தத்தை நிறுத்துங்கண்ணே.

— நிறுத்தலாம், இருங்க. ஆமா, இவ்வளவு அழகா இருக்கிற வண்டியை ஏன் விக்கிறீங்க?

— இவளுக்காகத்தான்.

— எனக்காகவா? நான் எப்பங்க கேட்டேன்?

— கேக்கலையே, அதான் எனக்கு உறுத்தல். ஞாயித்துக்கிழமையானா நான் பாட்டுக்கு மலைப்பக்கம் கிளம்பிடறேன். இவ வீட்ல ஒத்தையில கிடக்கிறா. ஒரு நாள் முகம் சுளிச்சதில்லைண்ணே. இவ்வளவு பொறுமையா இருக்கிறவளுக்கு நான் என்ன செஞ்சேன்னு யோசிச்சேன். வண்டியை விட்டுடறேன்னு முடிவு பண்ணினேன். உயிரே போற மாதிரிதான் இருக்கு. பரவாயில்லை.

— நீ என்ன சொல்ற தங்கச்சி?

— அவரு தியாகம் பண்றேன்னு நாலு நாளா வீட்டுக்குள்ள நெஞ்சை நிமித்திக்கிட்டு நடக்குறாருண்ணே. நான் என்னத்தைச் சொல்ல.

— சரி, சார், இங்க குனிங்க. ஒவ்வொரு போல்ட்டு தலையிலயும் சிவப்பா ஒரு கோடு தெரியுதா? போல்ட்டுல பாதி, பக்கத்து இரும்புல பாதி. முறுக்கி முடிச்சதும் இப்படி ஒரு கோடு போட்டுட்டா, போல்ட்டு இம்மி அசைஞ்சாலும் கோடு உடைஞ்சு காட்டிக் குடுத்துடும். பெரிய பெரிய கம்பெனியில பண்ணுவாங்க. ஆனா அவங்க பெயிண்ட்ல போடுவாங்க. இது பெயிண்ட் இல்லை.

— பின்ன?

— சுரண்டிப் பாத்தேன். நெயில் பாலிஷ்.

— நெயில் பாலிஷா? எங்க வீட்ல இவ நகத்துக்கு ஒண்ணுமே போட மாட்டாளேண்ணே. பாட்டில் மட்டும் வாங்கிட்டே இருப்பா. போடவே மாட்டேங்கிற, பாட்டில் எப்படித் தீருதுன்னு நானே ஒரு நாள்...

— ஏன் சார் பாதியில நிறுத்திட்டீங்க?

— ஏம்மா, உன் தையல் பெட்டியை ஒரு தடவை நகத்தப் போய் எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சே. அதுல என்ன இருக்கு?

— ஊசி, நூல்.

— அப்புறம்?

— அடித்தட்டுல ஸ்பானரு.

— தங்கச்சி, அந்த ஸ்டூல்ல நீ உக்காராதே. இந்த நாற்காலியில உக்காரு. இது என் நாற்காலி.

— எப்பம்மா பண்ணுவ இதெல்லாம்?

— சனிக்கிழமை. உங்களுக்கு ஆபீஸ், எனக்கு லீவு. நீங்க பஸ்ல போனதும் கீழ இறங்கிடுவேன்.

— யாரு சொல்லிக் குடுத்தது?

— போன்ல பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டதுதான். முதல் தடவை அடிப் போல்ட்டைக் கழட்டினப்ப ஆயில் அத்தனையும் தரையில கொட்டிடுச்சு. அன்னிக்குத்தான் புதுசா மிதியடி வாங்கிப் போட்டேன்.

— நல்லா இருக்குன்னு நான்கூட சொன்னேனே.

— சொல்லிட்டு அதைத் தாண்டிக் குதிச்சுதான் போவீங்க, அழுக்காயிடும்னு.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?

— கை ராசி கை ராசின்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சீங்க. அதைக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன். ஒரு நாள் பிரேக் கீச்சுங்குதுன்னு சொன்னேன், பழகிடும்னீங்க. பழகிடுமாம். அன்னிக்கு எனக்குத் தூக்கமே வரலை. அந்தப் பயத்துல தொட்டதுதான். அப்புறம்...

— வேணாம், சொல்லாதே. பத்து வருஷமா என் உயிரை நீதான் முறுக்கி முறுக்கி வச்சிருக்க. நான் காத்து வாங்கிட்டுத் திரிஞ்சேன். இனிமே இந்தக் கஷ்டம் உனக்கு வேணவே வேணாம். சாயங்காலம் வர்றவருகிட்ட வாய் பேசாம சாவியைக் குடுத்துடறேன். அண்ணே, சீக்கிரம் முடிங்க.

— முடிஞ்சுது சார், பிடிச்சுட்டேன். ரெண்டு சிலிண்டருக்கும் நடுவுல உருண்டையா தொங்குதே, ஏர் ஃபில்டர் டப்பா, இதுதான் ஆடுது. உள்ள நாலு போல்ட்டு. ரெண்டுல கோடு நேரா இருக்கு, ரெண்டுல உடைஞ்சிருக்கு.

— ஓட்டத்துல தளர்ந்திருக்கும்.

— தானா தளர்ந்தா ஒண்ணு கொஞ்சம், ஒண்ணு ஜாஸ்தின்னு இருக்கும். இது ரெண்டும் அளந்து வச்ச மாதிரி ஒரே கால் சுத்து. யாரோ கருவி போட்டுத் திருப்பியிருக்காங்க. அதுலயும் விவரமான கை. வேற எதைத் தளர்த்தினாலும் ஓட்டுறவருக்கு ஆபத்து. இதைத் தளர்த்தினா யாருக்கும் ஒண்ணும் ஆகாது, எஞ்சினே போச்சுங்கிற மாதிரி சத்தம் மட்டும் வரும்.

— புரிஞ்சுபோச்சுண்ணே. முந்தாநாள் வாங்க வந்தவரு ஓட்டிட்டு வந்து நிறுத்தினாரே, தண்ணி கேட்டாருன்னு நான் உள்ள போனேன். வண்டிகிட்ட தனியாத்தான் நின்னாரு. விலையைக் குறைக்க இப்படி ஒரு வழி. பாத்தா சாது மாதிரி இருந்தாரு, பூனையும் பால் குடிக்குமாங்கிற மாதிரி.

— விடுங்க.

— எப்படி விடுறது? நீ பாத்துப் பாத்து முறுக்கினதுல எவனோ கை வைப்பானா? இரு, இப்பவே போன் போட்டு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேக்குறேன்.

— போனை வைங்க முதல்ல.

— நீ ஏன் அந்தாளுக்குப் பரிஞ்சுக்கிட்டு வர்ற?

— அந்த மனுஷன் ஒரு பாவமும் அறியாதவரு. நேத்து நீங்க ஆபீஸ் போனதும், கடைசியா ஒரு தடவை எல்லாத்தையும் சரி பாத்து அனுப்பிடலாம்னுதான் கீழ போனேன். தொடச்சேன். ஸ்டார்ட் பண்ணிப் பக்கத்துல நின்னு கேட்டேன். ரெண்டு சிலிண்டரும் சேந்து அடிக்காதுங்க, ஒண்ணு முந்தும், ஒண்ணு பிந்தும், நடுவுல ஒரு மூச்சு விடும். கேட்டுக்கிட்டே நின்னேன், கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஆஃப் பண்ணிட்டு அந்த ரெண்டு போல்ட்டையும் நான்தான் தளர்த்தினேன். ஞாயித்துக்கிழமை நீங்க இல்லாம நான் இருந்துக்குவேன். சனிக்கிழமை இது இல்லாம என்னால இருக்க முடியாது.