ஒரு மணி நேர வெயில்

சிஹாம்: ...இல்ல லுத்ஃபி, மறுபடியும் பாரு. உன் அளவுக்கும் என் அளவுக்கும் ஒரு மணி நேரம் இடிக்குது.

லுத்ஃபி: இடிச்சா என்ன? விதிதான் இருக்கே. தனித்தனியா அளக்கணும், கால் மணிக்கு மேல வித்தியாசம் வந்தா ஒரே மேஜையில உக்காந்து சேர்ந்து அளக்கணும். நாற்காலிய இப்படி இழு.

சிஹாம்: விதி மட்டும் மனப்பாடம். அளவு வராது.

லுத்ஃபி: முதல்ல டீ குடி. பாதாம் போட்டிருக்கேன்.

சிஹாம்: அட்டை மேல கொட்டிடாத! அறுபத்தி மூணாம் வருஷத்து வெயில் அது. போனா வராது.

லுத்ஃபி: நேத்து எங்க மாமா கேட்டாரு, நீங்க ரெண்டு பேரும் மூணு மாசமா என்னதான் பண்றீங்கன்னு. அந்தக் காலத்துல மாடியில ஒரு கண்ணாடி உருண்டை வச்சிருந்தாங்க மாமா, வெயில் அது வழியா விழுந்து அட்டையில கோடு கருக்கும், அந்தக் கோட்ட அளந்து நம்ம தோஸர் மண்ணுல தினம் எத்தனை மணி நேரம் வெயில் விழுந்துச்சுன்னு கணக்குப் போடறோம்னேன்.

சிஹாம்: அவர் என்ன சொன்னாரு?

லுத்ஃபி: "வெளிய வந்து நில்லுடா, தெரியும்"னாரு.

சிஹாம்: சரி, பேச்ச மாத்தாத. இந்த அட்டைக்கு என்ன எழுதின?

லுத்ஃபி: பன்னிரண்டரை மணி.

சிஹாம்: நான் பதினொன்றரை. மேகம் சிதறின நாள்னா கோடு புள்ளி புள்ளியா இருக்கும், ஆளுக்கு ஒண்ணு தோணும். புழுதிக் காத்துன்னா மங்கலா இருக்கும். இது ஜூலை! பொட்டு மேகம் இல்ல. ஒரே கோடு. பச்சப் புள்ளகூட அளந்துடும்.

லுத்ஃபி: எனக்குக் கண்ணு கொஞ்சம்...

சிஹாம்: பேரீச்ச மரத்து உச்சியில எந்தக் குலை பழுத்திருக்குன்னு கீழ நின்னே சொல்ற கண்ணா?

லுத்ஃபி: டீ ஆறுது பாரு.

சிஹாம்: இதுதான் கடைசிப் பெட்டி. முடிஞ்சா வியாழக்கிழமை நான் பிஸெர்த் போயிடுவேன். எங்க ஊரு, எங்க கடலு, எங்க ஆபீஸு. தெரியும்ல?

லுத்ஃபி: தெரியும். அம்மா உனக்கு ரெண்டு ஜாடி ஹரிஸ்ஸா கட்டி வச்சிருக்காங்க.

சிஹாம்: போறவளுக்கு மிளகா விழுதா? நல்ல வழியனுப்பு!

லுத்ஃபி: "போகாதன்னு சொல்ல வாயில்லாதவன் ஜாடியாவது கொண்டு போய்க் குடு"ன்னு திட்டினாங்க.

சிஹாம்: அப்ப வாயில்லையா உனக்கு?

லுத்ஃபி: ...அளவுகோல எடு. அளப்போம்.

சிஹாம்: அந்த ஓரத்தப் பிடி. ம், சொல்லு.

லுத்ஃபி: பன்னிரண்டு.

சிஹாம்: எனக்கும் பன்னிரண்டுதான். இதுதான் கணக்குல ஏறும். இப்ப சொல்லு, பன்னிரண்டு எப்படிப் பன்னிரண்டரை ஆச்சு?

லுத்ஃபி: திட்டாத. நான்தான்... வேணும்னே கூட்டி எழுதினேன். எல்லா அட்டையிலயும் இல்ல, அங்கங்க. சேர்ந்து அளக்கும்போது எப்படியும் சரியாயிடும், கணக்குக்கு ஒரு குறையும் வராது. எனக்கு, நீ பக்கத்துல... இந்த மேஜையில... போகாத சிஹாம். மேலிடத்துல சொல்றதுன்னா சொல்லு.

சிஹாம்: எவ்வளவு கூட்டின?

லுத்ஃபி: அரை மணி. அதுக்கு மேல ஒருநாளும்... இரு. அரை மணிதானே கூட்டினேன்? இடிச்சது ஒரு மணியாச்சே. மீதி அரை மணி?

சிஹாம்: அது நான் குறைச்சது. உங்கம்மாகிட்ட சொல்லு, கட்டின ஜாடிய அவிழ்க்கட்டும்.