ஸால்ட் கிளாக்கின் டிரம்மர்

பக்கத்தில் வந்து உட்காருங்கள் கண்ணுகளா, ஒரு கதை சொல்கிறேன். தேநீர் ஆறுவதற்குள் குடித்துக்கொண்டே கேளுங்கள். குவைத்தில், அப்பாசியாவில் நான் நர்ஸாக இருந்த காலம். எங்கள் கட்டிடத்தில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் கிளினிக் போகமாட்டார்கள். லீமாக்கா ஊசி போட்டால் வலிக்காது என்று என் கதவைத்தான் தட்டுவார்கள்.

என் மகன் பெனிட்டோ டிரம் வாசிப்பான். அவனும் கிட்டார்காரன் கிளிட்டஸும் இன்னும் இருவரும் சேர்ந்த குழுவுக்கு ‘ஸால்ட் கிளாக்’ என்று பெயர். மெட்டல்கோர் என்று தொண்டை கிழியக் கத்துகிற பாட்டு. மற்ற குழுக்கள் நாலு நாலாக அடித்துக்கொண்டிருக்க, இவன் ஏழு அடித்து, ஐந்துக்குத் தாவி, பதினொன்றில் போய் நிற்பான். கோயில் பாட்டில் நாலு எண்ணிப் பழகிய எனக்கு, படியில் கால் தவறியதுபோல் இருக்கும்.

“ஆன்ட்டி, இதுக்குப் பேரு மேத்கோர், கணக்குப் போட்டு அடிக்கிற மெட்டல். மனாமால, துபாய்ல எல்லாவனும் இப்போ உங்க மவன் எண்ணிக்கையத்தான் காப்பி அடிக்கானுவ,” என்றான் கிளிட்டஸ்.

“கணக்குப் பரீச்சையில அவன் வாங்கின மார்க்கு எனக்குத் தெரியும்லே,” என்றேன். எல்லோரும் சிரித்தோம்.

2004இல் அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு வருடம் ஊர் ஊராக வாசிக்க வேண்டும். அவன் அப்பா இறந்தபின் எனக்கு அவன் ஒருவன்தான். போனால் திரும்பமாட்டான் என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

அந்த வாரம் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. ஊசி போட்டேன். மூன்று நாளில் விட்டது. அதன்பிறகும் போட்டேன், வேறு மருந்து. வார்டில் அதை அளந்து அளந்து, பயந்து பயந்து கொடுப்போம். வீட்டில் நான் அளக்கவில்லை.

“அம்மா, காதுக்குள்ள வண்டு கத்துது.”

“மருந்து வேல செய்யுது மக்கா. திரும்பிப் படு.”

திரும்பிப் படுத்தான். பதினான்கு நாள் படுத்தான்.

அடுத்த ஒத்திகைக்கு நானும் போயிருந்தேன். பாட்டின் நடுவே மற்ற மூவரும் நிறுத்திவிட்டார்கள். அவனுக்கு அது தெரியவில்லை. கண்ணை மூடித் தனியாக அடித்துக்கொண்டே இருந்தான். கிளிட்டஸ்தான் போய்க் கையைப் பிடித்தான்.

காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது என்று டாக்டரிடம் நானே சொன்னேன். நர்ஸ் சொன்னால் யார் நம்பமாட்டார்கள்? குழு வேறொருவனோடு விமானம் ஏறியது.

இப்போது அவன் என் வாயசைவை மட்டும்தான் படிப்பான். வேறு யார் பேச்சும் அவனுக்குப் பிடிபடாது. கடைக்குக்கூட என்னை விட்டுப் போவதில்லை. இத்தனை பாசமுள்ள பிள்ளை எத்தனை தாய்க்குக் கிடைக்கும், சொல்லுங்கள்?

நன்றாயிருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பிள்ளை எவரும் வாசல் தாண்டித் தொலைவு போகாதிருக்கட்டும்.