நீலத்தலை அம்மனுக்கு இராயப்பர் வைச்ச நேர்த்தி

டங்... டங்... டங்... டங்... இருபது வருசமாச்சுது பிள்ளை, அந்தச் சத்தம் இன்னும் என்ரை காதை விட்டுப் போகேல்லை. லிபெர்த்தாத் தெருவிலை, நான் வேலைக்குப் போற சிஞ்ஞோரா வீட்டுக் குசினியிலை நான் கத்தரிக்காய் பொரிச்சுக்கொண்டு நிக்கிறன். பள்ளிக்கூடம் லீவெண்டு மகளையும் கூட்டிக்கொண்டு போனனான். கேசிகாவுக்கு அப்ப ஒம்பது வயசு. ரீவியிலை யப்பான் கார்ட்டூன் போகுது. ரெயில் கடவையிலை மணி அடிக்குது, தடி இறங்குது, நீலத் தலைமயிரோடை ஒரு பெட்டை ஓடிவாறாள், ரெயினைத் தவற விடுறாள். அவ்வளவுதான் கதை! ஒவ்வொரு நாளும் ஓடிவாறாள், ஒவ்வொரு நாளும் விடுறாள். ‘உவள் ஒரு அஞ்சு நிமிசம் முந்தி எழும்பினா என்ன?’ எண்டு கேட்டன். என்ரை மகள் அழுதவள் பிள்ளை. அழுதவள்!

அண்டைக்கே ரீவியை நிப்பாட்டியிருக்க வேணும். ஆற்றை ரீவி? சிஞ்ஞோராவின்ரை ரீவி. எப்பிடி நிப்பாட்டுறது?

நீர் என்ரை பையிலை தொங்கிறதைத்தானே பாக்கிறீர்? ஓம், அவள்தான். நான் கொழுவேல்லை, மகள் கொழுவினது. இந்த வயசிலை நீலமயிர்ப் பொம்மையோடை திரியிறன்... கொஞ்சம் உள்ளுக்கை தள்ளி இரும். பகேரியா ரெயினிலை பின்னேரத்திலை உப்பிடித்தான் சனம். நான் அங்கை ஒரு கிழவியை வைச்சுப் பாக்கிற வேலை செய்யிறன். அவவுக்கும் எனக்கும் நாலு வயசுதான் வித்தியாசம். ஆர் ஆரைப் பாக்கிறதெண்டு அவவுக்கும் தெரியேல்லை, எனக்கும் தெரியேல்லை.

என்ன சொன்னனான்? ஆ... கேசிகா. போன வருசம் வந்து நிக்கிறாள், ‘அம்மா, நான் யப்பானுக்குப் போறன்’ எண்டு. ஏனாம்? அந்தக் கார்ட்டூன் கீறினவை ஒரு ஊரைப் பாத்துத்தான் கீறினவையாம். அந்தக் கடவை, அந்தப் பாண்கடை, அந்தப் பாலம், எல்லாம் அப்பிடியே அங்கை கிடக்காம். உலகத்திலை உள்ள விசரெல்லாம் அங்கை போகுதுகளாம். போய், கார்ட்டூன் படத்தைப் போனிலை எடுத்து, அதே இடத்திலை நேராப் பிடிச்சு, படம் எடுக்கிறதாம். அதுக்கு அவை வைச்ச பேர் யாத்திரை! நான் கேட்டன், ‘பிள்ளை, கடவை பாக்க வேணுமெண்டா இஞ்சை எங்கடை ஒரேத்தோத் தெருவிலை இருந்து நடந்துபோய்ப் பாக்கலாமே?’ ஒரு பார்வை பாத்தாள். தகப்பன்ரை பார்வை. சரி, போ எண்டிட்டன்.

அதோடை முடிஞ்சிருக்கும். எங்கடை மேல்மாடியிலை அகஸ்ரீனா எண்டு ஒரு மனிசி இருக்கிறா. படியிலை நிண்டா விடமாட்டா. லூர்துக்குப் போனதைக் கேட்டுக் கேட்டு எனக்கு அந்த ஊர் வழி மனப்பாடம். ‘உன்ரை மகள் யப்பானுக்காம்? கலியாணம் கட்டாத பிள்ளை, தனியவோ? ஆரோடை?’ எண்டு கேட்டுக்கொண்டே ஒரு படி இறங்கினா. எனக்கும் வாய் இருக்குத்தானே?

‘யாத்திரை’ எண்டன்.

‘என்ன கோயில்?’

‘அம்மன்.’

‘யப்பானிலை அம்மனோ?’

‘பழைய கோயில், அகஸ்ரீனா. உங்களுக்குத் தெரியாது.’

சிரியும், சிரியும்! எனக்கும் அப்ப சிரிப்பாத்தான் இருந்தது. பின்னேரம் அகஸ்ரீனா சொல்லிச் சனம் வந்து கதவைத் தட்டுது. பேர், நட்சத்திரம், குறை எல்லாம் கடதாசியிலை எழுதிக் கொண்டு வரினம், மகள் அங்கை ஒரு அர்ச்சனை செய்யட்டாம். மாதாவைக் கும்பிடுற வேதக்காரரும் வந்தவை. ஏன் வரக்கூடாது? நாங்கள் சைவக்காரர் செருப்பில்லாமல் மலையேறி இந்த ஊர்ப் புனிதை சாந்தா ரொசலியாவைக் கும்பிடேல்லையே? முப்பத்தெட்டுப் பேரின்ரை குறை பிள்ளை! மூட்டுவலி, மருமகள், வீட்டு வாடகை, ஒருத்தருக்கு முடி கொட்டுறது.

கேசிகா என்னோடை மூண்டு நாள் கதைக்கேல்லை. ஆனா இளகின மனசு. அந்த ஊர்க் கோயிலிலை சின்னச் சின்னப் பலகை விக்கிறதாம், ஒரு பக்கம் அந்த நீலத்தலைப் பெட்டை, மற்றப் பக்கம் குறையை எழுதிக் கட்டுறது. முப்பத்தெட்டையும் எழுதிக் கட்டிப்போட்டுத்தான் வந்தவள்.

அதிலை ஒண்டு இராயப்பருடையது. எங்களுக்குக் கீழை இருக்கிறவர். பேசாலை ஊரிலையிருந்து வந்த வேதக்கார ஆள், ரெஸ்ரோரன்ரிலை கோப்பை கழுவுறவர். பதினொரு வருசமாப் பெர்மெசோ, இந்த நாட்டிலை இருக்க விடுற அட்டை, இல்லை. ஒரு கடதாசி இருந்தா மற்றக் கடதாசி இருக்காது. வெளியிலை போனா திரும்ப உள்ளுக்கை வரேலாது. தாய் ஊரிலை, எண்பத்துநாலு வயசு. பலகை கட்டிப் பதினைஞ்சாம் நாள் பெர்மெசோ வந்திட்டுது!

வக்கீல் மூண்டு வருசமா ஓடித் திரிஞ்சு எடுத்தது. அதை ஆர் நினைச்சவை?

இராயப்பர் அட்டையைக் கையிலை வைச்சுக்கொண்டு என்ரை வாசலிலை நிண்டு அழுறார். ‘அக்கா, பெர்மெசோ கிடைச்சா அம்மனிட்டை நேரை வாறனெண்டு நேர்த்தி வைச்சனான். ரெண்டு கிழமை லீவு தந்திருக்கினம். முதல் நேர்த்தி, பிறகுதான் அம்மா. நேர்த்தியை விட்டா வந்தது திரும்பப் போயிடும்.’ அம்மாவைப் பாக்க அடுத்த வருசம் போவாராம்! எண்பத்துநாலு வயசு மனிசிக்கு அடுத்த வருசம் எண்டா என்ன பிள்ளை? நாள்காட்டியோ அவவின்ரை கையிலை கிடக்கு?

‘உண்மையை நீ சொல்லு, இல்லாட்டி நான் சொல்லுவன்’ எண்டு கேசிகா நிண்டாள். நான் அழுதன். அவள் கோவத்தோடையே அவருக்கு வழி எழுதிக் குடுத்தாள். அவர் வெளிக்கிடுற அண்டு, எயார்போட் பஸ்ஸடியிலை சொல்லுவமெண்டுதான் ஓடினன். அங்கை போனா, அகஸ்ரீனா அம்மனுக்குக் குடுத்துவிட முழ நீள மெழுகுதிரியோடை நிக்கிறா. அவவுக்கு முன்னாலையோ? ‘போட்டு வாங்கோ, இராயப்பர்’ எண்டன்.

அங்கை நடந்ததைக் கேளும். அந்த ஊராக்கள் வரைபடம் அடிச்சு வைச்சிருக்கினம், கார்ட்டூனிலை வந்த இடமெல்லாம் நம்பர் போட்டு. மொத்தம் எத்தினை? பதினாலு! ஒரு வேதக்கார மனிசனிட்டைப் பதினாலெண்டு குடுத்தா என்ன செய்யும்? பதினாலு தலத்திலை நிண்டு செபிக்கிற சிலுவைப்பாதைதான்! பதினாலு தலத்திலையும் முழங்காலிலை நிண்டிருக்கிறார். கடவையிலை முழங்கால். தபால்பெட்டியடியிலை முழங்கால். பாண்கடையிலை நிண்டதுக்கு அந்த மனிசி பயந்துபோய் ரெண்டு பணிஸ் குடுத்திருக்கிறா. அங்கை வந்த பெடிபெட்டையளும் இதுதான் முறையாக்குமெண்டு அவருக்குப் பின்னாலை வரிசையா முழங்காலிலை! மழையாம். எல்லாரும் குடையோடை முழங்காலிலை!

பதினாலாவது தலம் ரெயில் ஸ்ரேசனிலை இருக்கிற வாங்கு. அங்கை நீல டோப்பா போட்ட ஒரு பெட்டை போனிலை மொழிபெயர்த்துக் கேட்டதாம், ‘ஐயா, உங்களுக்கு என்ன கிடைச்சது?’

‘பெர்மெசோ.’

‘அது என்ன?’

‘வீட்டை போட்டுத் திரும்பி வர விடுற கடதாசி.’

‘அப்ப ஏன் இஞ்சை வந்தனீங்கள்?’

அந்த வாங்கிலை இருந்துதான் எனக்குப் போன் எடுத்தவர். மழைச் சத்தம் கேட்டுது. பிறகு, ‘அக்கா, இது அம்மன் இல்லைத்தானே?’ எண்டார்.

‘இல்லை, இராயப்பர். நான்தான்... படியிலை நிண்டு... அகஸ்ரீனாவுக்காக...’

‘எனக்கு நாலாம் தலத்திலையே விளங்கீட்டுது அக்கா. துவங்கினதை நடுவிலை விடக்கூடாதெண்டுதான் மிச்சத்தையும் முடிச்சனான்.’

ஒரு ஏச்சு ஏசியிருக்கலாம். ஏசேல்லை. சாப்பிட்டீங்களோ எண்டு கேட்டிட்டு வைச்சார். நான் அகஸ்ரீனாவின்ரை கதவைத் தட்டி, முழுக்கச் சொன்னன், நிண்ட நிலையிலை. இப்ப அவ படியிலை என்னைக் கண்டா ஒண்டும் கேக்கிறேல்லை. கேட்டாலும் பரவாயில்லை எண்டு இருக்கு.

ஏன் எழும்புறீர்? இது பிரங்காச்சோ ஸ்ரேசன், சென்ட்ராலே இன்னும் வரேல்லை... இஞ்சையோ இறங்கிறீர்? நீர் சென்ட்ராலே எண்டெல்லோ சொன்னீர்? சரி, சரி, பாத்து இறங்கும்... என்ன? இராயப்பரோ?

அவர் அங்கையிருந்து ரிக்கெற்றை மாத்திக்கொண்டு நேரை ஊருக்குப் போட்டார். பேசாலையிலை தாயோடை இருக்கிறார். பெர்மெசோ வைகாசியோடை முடிஞ்சுது.